யோலனாவின் வேட்புமனு

ஊராட்சி அலுவலகத்தில் யோலனா நீட்டிய காகிதங்களை எழுத்தர் அம்மாள் வாங்கவில்லை. உதவித்தொகைக்கு அடுத்த ஜன்னல் என்று முகம் பார்க்காமலே கையைக் காட்டினாள்.

"உதவித்தொகைக்கு வரல. மன்ற உறுப்பினர் தேர்தல்ல நிக்கிறேன். இது வேட்புமனு."

வரிசையில் ஒருவர் சிரித்தார். எழுத்தர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். குறை எதுவும் அகப்படாததால் முத்திரை குத்தினாள்.

யோலனா பாலர் பள்ளியில் சமையல்காரி. கிழக்கு ஸ்லோவாக்கியாவின் அந்த ஊரில், ஓடைக்கு அப்பால், ஊரார் ஒதுக்கிவைத்த அவளுடைய ரோமா இனத்தவரின் குடியிருப்பில் எண்ணூறு பேர். எல்லோருக்கும் ஒரே குழாய். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தை முடிவு செய்த மன்றத்தில் ரோமா ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை. ஓட்டு இல்லாமல் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் ஊராட்சித் தலைவரின் ஆள் ரூடோ ஒரு லாரி விறகோடு வருவான். யாருக்கு ஓட்டு என்றும் சொல்லிவிட்டுப் போவான். அந்த விறகை வீடு வீடாக இறக்குகிறவன் யோலனாவின் கணவன் கெய்சாதான். அதற்காகவே அவனுக்குத் தெருக் கூட்டும் வேலை கிடைத்திருந்தது.

மனு கொடுத்த மறுநாளே ரூடோ அவனைப் பிடித்துக்கொண்டான். மனைவி விலகாவிட்டால் வேலையை மறந்துவிடச் சொன்னான். கெய்சா வீட்டுக்கு வந்து, சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"நீ ஒருத்தி போய் என்னத்த மாத்திடப் போற? ஒன்பது பேர்ல எட்டுப் பேர் அவங்க ஆளுதான்."

"அந்த எட்டுப் பேரும் என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டுத்தானே குழாய மூடணும். இப்போதைக்கு அது போதும்," என்றாள் யோலனா.

அவன் கெஞ்சினான், கோபப்பட்டான். அவள் மாலைதோறும் வீடு வீடாகப் போய், ஓட்டுச் சீட்டில் தன் எண்ணை எப்படி வட்டமிடுவது என்று காட்டினாள்.

தேர்தலுக்கு முந்தின நாள் காலை லாரி வந்தது. யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை ரூடோ நீட்டினான். கெய்சாவின் கண் குழாயடிக்குப் போயிற்று. கைக்குழந்தையும் வாளியுமாக அவன் மகள் ஹெலேனா நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் முப்பது பேர். தண்ணீர் நிற்கக் கால் மணி நேரம்தான் இருந்தது. இந்த வரிசை இப்படியே இருக்க, எத்தனை லாரி விறகைத் தன் கையால் இறக்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு கூசியது. பட்டியலைத் திருப்பிக் கொடுத்தான்.

"நான் இறக்க மாட்டேன். லாரிய எடுத்துட்டுப் போங்க."

"அப்போ வேலை?"

"போகட்டும்."

இரண்டு வீட்டார் மட்டும் வந்து விறகை இறக்கிக்கொண்டார்கள், குளிர் அப்படி. மற்றவர்கள் கதவைத் திறக்கவில்லை.

ஏழு ஓட்டு வித்தியாசத்தில் யோலனா ஒன்பதாவது உறுப்பினரானாள். கெய்சாவுக்கு வேலை போனது. முதல் கூட்டத்தில் குழாயைப் பற்றிய அவள் தீர்மானத்துக்கு அவள் கை ஒன்றுதான் உயர்ந்தது. அடுத்த கூட்டத்திலும் கொண்டுவந்தாள், மூன்று கைகள். பனி உருகிய மாதம் ஐந்து கைகள் உயர்ந்தன. அன்றிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் வந்தது.

பக்கத்து ஊர் ரோமாக்கள் சிலர், மனு போடுவது எப்படி என்று கேட்டு வந்தார்கள். ஒரு தண்ணீர்க் குழாய்க்காக வேலையை விட்டதில் வருத்தமில்லையா என்று கெய்சாவிடம் ஒருவர் கேட்டார்.

"வருத்தம் இருக்கு, இல்லன்னு சொல்லல," என்றான் கெய்சா. "ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. முடிவெடுக்கிற மேசையில நம்ம ஆளு இல்லாத வரைக்கும், நமக்குக் கிடைக்கிறதெல்லாம் பிச்சைதான். நம்ம ஆளு அங்க உட்கார்ந்துட்டா, அதே தண்ணி உரிமை ஆயிடுது."