கையெழுத்துச் சம்பளம்

பணம் கட்ட இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் கட்டாவிட்டால், திருவள்ளூர் பக்கத்து பி.எட். கல்லூரியில் இளமதியின் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஆடி மாதக் கூட்டத்தில் பெரியபாளையம் வரை நின்றுகொண்டே வந்து, அவளுடைய அக்கா சந்திரகலா பஸ்ஸை விட்டு இறங்கினாள். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட அப்பா வரச் சொல்லியிருந்தார்.

சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். கும்மிடிப்பூண்டியில் கிளம்பும்போதே கணவன் வசந்தகுமார் தடுத்திருந்தான். "கம்முனு போய் கையெழுத்து போட்டு வா. இப்ப போய் சொன்னா உங்க நைனா ஊர்ல தல காட்ட மாட்டாரு."

வீட்டுக் கூடத்தில் அரிசி மில் ஆதிநாராயணன் உட்கார்ந்திருந்தார்.

"வா டீச்சரம்மா. உன்ன நம்பித்தான் அறுபதாயிரம் டப்பு எடுத்தாந்துகிறேன். எங்களுக்கு மழ பேஞ்சாத்தான் நெல்லு. உனுக்கு மாசம் பொறந்தா வெளைஞ்சிடுது."

அப்பா வீரராகவன் பெருமையோடு சிரித்தார். "ஆறாயிரத்தி ஐநூறு. ஒரு மாசம் தவறாது."

சந்திரகலா செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டாள்.

கல்லூரிக்கு ரசீதோடு கட்டும் நாற்பத்தைந்தாயிரத்தை பேங்க் கடனாகத் தருகிறது. ரசீது இல்லாமல் கேட்கிற அறுபதாயிரத்துக்குத்தான் ஆதிநாராயணன். இரண்டு ரூபாய் வட்டி. ஈடு, ஏரிக்கரைக் கழனியின் பத்திரம். இருப்பது அந்த ஒரு கழனிதான்.

இளமதி அக்காவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயிண்ட் கம்பெனி அவளை லேபுக்குக் கூப்பிட்டிருந்தது. மாதம் நாலாயிரத்து ஐந்நூறு, வீட்டுப் பக்கம் வேன் வரும். அதற்கும் திங்கட்கிழமைதான் கடைசி.

"நைனா வேணாங்கிறாரு. வேன் ஏறி கம்பெனிக்குப் போனா எவன் மதிப்பான்றாரு. நா கணக்குப் போட்டுப் பாத்தேங்கா. உங்க ஸ்கூல்ல சேந்தா ஆறரை. மாசம் வட்டி ஆயிரத்தி இரநூறு, பேங்குக்கு ஆயிரம். போக நாலாயிரத்தி முந்நூறு நிக்குது. ரெண்டு வருஷத்துல அசல அடச்சிடலாம், இல்ல?"

சந்திரகலா தண்ணீர் குடித்தாள்.

"இன்னாக்கா, பேஜாரா கீற? நா படிக்கிறது உனுக்குப் புடிக்கலையா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள்.

அவள் வேலை பார்க்கும் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஐந்தாம் தேதி சம்பளம். ரெவின்யூ ஸ்டாம்ப்பின் மேல் ஆறாயிரத்து ஐந்நூறுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிளார்க் விக்டோரியா ஒரு கவர் கொடுப்பாள். வரிசையில் நிற்கும் டீச்சர்கள் யாரும் அதை அங்கே பிரிப்பதில்லை. முதல் மாதம் அப்பா கேட்டபோது, கையெழுத்துப் போட்ட தொகையைத்தான் சந்திரகலா சொன்னாள். அவர் ஊரெல்லாம் சொன்னார். அதைச் சொல்லியே அவளுக்கு மாப்பிள்ளையும் பேசினார்கள். அதன்பின் மாலை ஏழு வரை டியூஷன் எடுத்து, வீட்டுக்கு மாதம் ஆயிரம் அனுப்பி, அந்தப் பொய்யைக் காப்பாற்றி வந்தாள்.

"சந்திரா, வாம்மா. அவருக்கு நேரமாவுது" என்று அப்பா கூப்பிட்டார்.

கழனிப் பத்திரமும் கடன் பத்திரமும் ஆதிநாராயணன் மடியில் இருந்தன. அவர் பேனாவை நீட்டினார். அம்மா செண்பகம் கதவோரம் நின்று, பணம் கைமாறப்போகிற சந்தோஷத்திலும் பயத்திலும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

சந்திரகலா பேனாவை வாங்கவில்லை.

"கையெழுத்து போட மாட்டேன் நைனா."

"இன்னாம்மா இது, பெரிய மனுசர உக்கார வச்சிக்கினு?" என்றார் அப்பா.

"அவ அந்த லேப் வேலைக்கே போவட்டும். காசு சேத்துக்கினு, ரசீது இல்லாம பணம் கேக்காத காலேஜா பாத்து அப்பறம் படிக்கட்டும்."

"தங்கச்சியும் உன்னாட்டம் ஆயிடுவான்னு பயமா?" ஆதிநாராயணன் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"ஆமா. என்னாட்டம் ஆயிடுவான்னுதான் பயம்" என்றாள் சந்திரகலா. "நா கையெழுத்து போடற சம்பளம் வேற, வாங்கற சம்பளம் வேற நைனா. எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் அப்டித்தான். வெட்கப்பட்டுக்கினு ஒருத்தரும் வெளிய சொல்றதில்ல. நாங்க சொல்லாததாலதான் வருஷா வருஷம் இவள மாதிரி பொண்ணுங்க கடன் வாங்கிப் படிச்சிட்டு வந்து அதே வரிசையில நிக்குதுங்க. படிக்கறது தப்பில்ல. கையில இன்னா வரும்னு கேக்காம கடன் வாங்கறதுதான் தப்பு. கேட்டப்ப நா மறச்சது அத விடத் தப்பு."

வீரராகவன் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"கையில எவ்ளோதாம்மா வருது?"

"புதுசா வர்றவங்களுக்கு ரெண்டாயிரம் நைனா. ஆறு வருஷமா வேல செய்யற எனக்கு ரெண்டாயிரத்தி எட்நூறு."