வரைபடத்தில் இரண்டு சிலுவை

லோவெல் டாக்கெட் செத்துக் கிடக்கிறான், புதைக்க இடமில்லை. அவன் முன்னோர் படுத்திருக்கும் மேடு இப்போது பக்கத்துக்காரன் எஸ்டில் ஸ்டாம்பருடையது. வேலித் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. கேட்டில் பூட்டைப் போட்டுவிட்டு, அங்கே கல்லறையே கிடையாது, வெறும் கல்தான் கிடக்கிறது என்று சாதித்தான் அந்த மனுஷன். புதைத்த இடத்தில் பேரெழுதாத மலைக்கல்லை நடுவதுதான் கென்டக்கி மலையில் வழக்கம் என்று அவனுக்குத் தெரியாதா என்ன!

லோவெலின் மனைவி ஆர்லீனா விடுவாளா? ஜில்லா ஆபீசுக்குப் போய், அந்தக் காலத்து நில வரைபடத்தை நகல் எடுத்து வந்து சமையலறை மேசையில் விரித்தாள். உயரம் காட்டும் பழுப்புக் கோடுகள் நெருங்கி மேடாகிற இடத்தில் சின்னதாய் ஒரு சிலுவை, பக்கத்தில் 'டாக்கெட் கல்லறை'. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்புறம் கண் கீழே இறங்கியது. அவளுடைய மாட்டுப் புல்வெளியில் இன்னொரு சிலுவை: 'ஸ்டாம்பர் கல்லறை'. இரண்டு வீட்டு நிலமும் எப்போதோ கைமாறியிருக்கிறது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான புதிதில் அந்தப் புல்வெளியிலிருந்த தட்டைக் கற்களைப் பெயர்த்து வந்துதான் லோவெல் வாசற்படி கட்டினான். அவளும் ஒரு கை பிடித்தாள். இத்தனை காலமும் அதில் உட்கார்ந்துதான் பீன்ஸ் நார் உரித்திருக்கிறாள், பாவி!

கீழ்ப்பாதியை நறுக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கத்தரிக்கோலை எடுக்கவும் எடுத்தாள். இதைப் பார்த்தால் எஸ்டில் பூட்டைத் திறப்பானா? லோவெல் மேல் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு முழுத்தாளோடு எஸ்டில் வீட்டுக்குப் போனாள்.

எஸ்டில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"எங்க பெரியவங்கள ஆத்து வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னுல்ல எங்கப்பா சொன்னாரு," என்றான். "நட்ட கல்லெல்லாம் எங்க?"

"எங்க வாசப்படியில. நானுந்தான் தூக்கினேன், எஸ்டில்."

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நானே கெடுத்துக்கொண்டேனே என்று நொந்தபடி அவள் வீடு திரும்பினாள்.

விடிந்ததும் மேட்டில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அந்த மலையூர்களில் கல்லறைக் குழியை அக்கம்பக்கத்தார்தான் வெட்டுவார்கள். ஓடிப் போய்ப் பார்த்தாள். கேட் திறந்து கிடந்தது. இடுப்பளவு குழிக்குள் எஸ்டில் நின்றிருந்தான்.

"சாயங்காலம் கடப்பாரையோட வர்றேன்," என்றான், நிமிராமல். "ஒரு கல்லும் ஒடையாம எடுக்கணும்."

லோவெலை அடக்கம் செய்துவிட்டு வந்த ஆர்லீனா, வாசற்படியை மிதிக்காமல் கொல்லைப்புறமாகச் சுற்றி வீட்டுக்குள் போனாள்.