முன்வரிசை

ஹரோல்ட் ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் பந்தலில் இருந்த கட்சிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மகள் ஜெயனிக்குத் தெரியும், அப்பா பேசத் தொடங்கினால் இலேசில் நிறுத்தமாட்டார். அதுவும் அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

மானிப்பாயில் ஒரு பகிடி உண்டு: ஒருவருக்கு வோட்டுப் போட்டோம், இரண்டு எம்.பி. கிடைத்தார்கள், ஒருவர் கதைக்க, மற்றவர் செய்ய. செய்தவர் ஹரோல்டின் மனைவி றோஸ். போரில் காணாமல் போனவர்களைத் தேடிய பெண்களைக் கூட்டிக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராய் அலைந்தவர். கணவரின் கூட்டங்களிலும் தவறாமல் முன்வரிசையில் இருப்பார். பேச்சு நீண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். மேடையில் நிற்பவர் அந்த வசனத்தோடு முடித்துவிடுவார். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த சங்கதி அது.

இன்று அந்த இடத்தில் ஜெயனி இருந்தாள்.

சற்றுமுன், அம்மாவோடு கந்தோர்களுக்கு அலைந்த றஜனி மட்டும் உள்ளே நுழைந்து அவளைத் தேடி வந்திருந்தாள். கொடிகாமத்திலிருந்து அவளோடு வந்த மற்றப் பெண்கள் வாசல் கேற்றடியில் நின்றார்கள். உரைகள் முடிந்த பிறகுதான் முகம் பார்க்கலாம் என்று கட்சி இளைஞர்கள் மறித்திருந்தார்கள்.

"பிள்ளை, றோஸ் அக்காவின்ரை முகத்தை ஒருக்காப் பாத்திட்டு ஓடிடுவம். கடைசி பஸ்ஸை விட்டால் போகேலாது."

"கொஞ்சம் பொறுங்கோ அன்ரி. அப்பா சுருக்கா முடிச்சிடுவார்."

அப்பா சுருக்கமாய் முடித்த சரித்திரமே இல்லை. தெரிந்துகொண்டுதான் சொன்னாள். பெரிய மனிதர்கள் நிறைந்த பந்தலைக் குறுக்கே கடந்து அவர்களைக் கூட்டிவரக் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்கு அந்தக் கூச்சம் ஒருநாளும் இருந்ததில்லை.

ஹரோல்ட் கட்சி தொடங்கிய காலத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். தேர்தல், தோல்வி, மறுபடியும் தேர்தல். இடையிடையே பேச்சில் றோஸ் வந்தார், தேர்தல் வேலைக்குத் தோள் கொடுத்தவராக. அடிக்கடி ஹரோல்டின் பார்வை முன்வரிசைக்கு வந்து எதையோ தேடிவிட்டுத் திரும்பிப்போனது. அவருக்கு முடிக்கத் தெரியவில்லை என்று ஜெயனிக்கு விளங்கியது. தன் மூக்குக்கண்ணாடி வரை போன கையை, அது அம்மாவின் உரிமை என்று நினைத்து இறக்கிக்கொண்டாள். வெயில் முற்றத்தை விட்டுப் போன பிறகுதான் மனம் பொறுக்காமல் கழற்றித் துடைத்தாள்.

ஹரோல்ட் வசனத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். வந்து அவளருகே அமர்ந்தார்.

"கூடக் கதைச்சிட்டனோ பிள்ளை?"

"ஓம் அப்பா."

"அம்மா எப்ப கழட்டியிருப்பா?"

ஜெயனி கேற்றைப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. கம்பியில் ஒரு சொப்பிங் பை தொங்கியது, உள்ளே வெள்ளைப் பூக்கள்.

"கொடிகாமத்துச் சனம் வந்து நிண்டது அப்பா. நான்தான் பொறுக்கச் சொன்னனான். முகம் பாக்காமலே போட்டினம்."

அவர் கேற்றுப் பக்கம் திரும்பினார். போதகர் எழுந்து நின்றார். பெட்டியை மூடலாமா என்று யாரோ வந்து கேட்டார்கள். ஹரோல்ட் கேற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார்.