கட்டாயம் என்றிருந்த வரி

ஏன் என்று மறுபடியும் கேட்டிருக்கிறானே, ஏன் என்றால் என்ன சொல்வது, வேலை செய்கிறது, அதனால்தான்... வேலை செய்கிறதை வேலை செய்கிறது என்று சொன்னால் நம்பமாட்டாயா, எந்த ஊரில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு என் எழுத்தில் பேன் பார்க்கிறாய் நீ? அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், அழுக்கு போகவில்லை, இன்னும் பரவியது. பூதக்கண்ணாடி என்றுதான் அவனுக்குப் பெயர் வைத்திருந்தார். வயர்லெஸ் சிப்புகளுக்கான விதிகளை, பெட்டிகளை ஓட்டுகிற லினக்ஸ் மென்பொருளில் சேர்ப்பதா வேண்டாமா என்று பார்க்கிறவன் அவன், இவர் அனுப்பிய திருத்தத்தை இதோடு மூன்று முறை தள்ளிவிட்டான். இத்தனைக்கும் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. போர்டில் எந்தச் சிப் எங்கே இருக்கிறது, எந்த வழியில் அதற்கு மின்சாரம் வருகிறது என்று எழுதி வைக்கிற விவரம் டிவைஸ் ட்ரீ. அந்த விவரத்தில் எதெல்லாம் கட்டாயம் என்று சொல்லும் விதி ஸ்கீமா. இந்தச் சிப்புக்கு இரண்டு மின்வழி கட்டாயம் என்றது விதி. அவர் எழுதியிருந்தது ஒன்று. சரிபார்க்கும் நிரல் திரை முழுக்கச் சிவப்பாகக் கத்தியது, கத்துகிற வாயை அடைக்க இரண்டாவதைக் கட்டாயம் என்ற வரியிலிருந்து தூக்கிவிட்டார், சிவப்பு போயிற்று, விட்டது தொல்லை. இதற்குப் போய் ஒரு ஏனா?

படித்தவன் கேட்கிறான், கேட்கட்டும்... எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரேடியோ பழுது பார்க்க உட்கார்ந்தவரை இவன் என்ன நினைப்பான், வேலை தெரியாத ஆள் என்றுதானே. ஒருவனையும் நம்புவதற்கில்லை. மைத்துனனை நம்பலாமா, இந்தச் சிப் போகிறது அவன் கம்பெனிப் பெட்டிக்குள்தான், சுவரில் மாட்டி முகம் பார்த்துப் பேசுகிற பெட்டி, வாங்குகிறவர்கள் லினக்ஸ்காரர்கள் ஏற்றுக்கொண்டால்தான் எடுப்போம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், வண்டியில் பாதி ஏற்றியாகிவிட்டது. மத்தியானம் போனில், “அத்தான், சாயந்திரத்துக்குள்ள அவன் சரின்னு சொல்லலேன்னா கடையச் சாத்திட்டு நீங்களும் நானும் ரேடியோ ரிப்பேருக்குத்தான் போகணும்” என்று சிரித்தான். “இப்ப யாருடா ரேடியோ கேக்குறான்” என்று வைத்துவிட்டார். சிரிப்பா அது, பயந்தவன் சிரிப்பு... அவன் கம்பெனியில் பெட்டி கோக்கிற பெண்கள் எல்லாரும் கைக்குழந்தைக்காரிகள், வேலை போனால் எங்கே போவார்கள், அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், ஏன் என்ற கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கிறதே, அதைப் படித்துத் தொலைக்கலாம். ‘உங்கள் போர்டில் இரண்டாவது வழிக்கு மின்சாரம் தருவது எது?’ ஏதோ ஒன்று தருகிறது போ, தராமலா ஓடுகிறது.

அடுக்களையில் மனைவி மகளோடு பேசிக்கொண்டிருந்தாள், சோதிக்க மாட்டிய பெட்டியில்தான். “அம்மா, டாக்டர் என்ன சொன்னாருன்னா...” என்றது மகளின் குரல், அறுந்தது. “பாரு, போயிடுச்சு! என்னங்க, உங்க பெட்டியில பேச்சு அறாம வரவே வராதா?” “சுவரு தடிப்பா இருக்கு.” “நேத்து பக்கத்து வீட்டுக்காரன் வைஃபைன்னீங்க.” “அதுவும்தான்.” “நாளைக்கு என் தலைன்னு சொல்வீங்க.” அவள் திரையைத் தட்டினாள், வெளிச்சம் வந்தது, கொஞ்ச நேரத்தில் மகளும் திரும்ப வந்தாள். எப்போதும் இதே தட்டல், பேச்சுக்கு நடுவே விரலால் பெட்டியைக் குத்திக்கொண்டே இருப்பது, விரல் ரேகை படிந்து திரை எண்ணெய்ப் பிசுக்காகக் கிடக்கிறது, எத்தனை தடவை சொல்வது குத்தாதே என்று... சரி, இந்தப் பூதக்கண்ணாடிக்குப் பதில் எழுதுவோம் என்று சர்க்யூட் படத்தை விரித்தார். சிப்பிலிருந்து இரண்டாவது கோடு கிளம்பியது, வளைந்தது, திரை விளக்குக்குப் போகிற கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. இதோ, திரையோடு சேர்ந்து வருகிறது, போதுமா? எழுதவும் தொடங்கிவிட்டார். திரை எரிகிற வரைக்கும் மின்சாரம்... எரிகிற வரைக்கும். யாரும் தொடாமல் விட்டால் திரை அணையும். அணைந்தால் அந்த வழி யாருக்கும் வேண்டாததாகிவிடும், வேண்டாததை லினக்ஸ் அடைத்துவிடும், சிப்புக்கும் அது வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டியவர் யார்?

சேச்சே, இருக்காது. மேஜை மேல் இத்தனை நாள் ஓடியதே... மேஜையில் திரையை அணைய விட்டதே இல்லையே, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமென்று. அப்போது வண்டியில் ஏறிய பெட்டிகள்? போன் அடித்தது, மைத்துனன்தான், எடுக்கவில்லை. எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனார். திரை மங்கிக்கொண்டிருந்தது, மனைவியின் விரல் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. “தொடாத.” “என்னங்க?” “கொஞ்சம் கைய எடு. பேசிக்கிட்டே இரு.” “அப்பாவுக்கு என்னவோ ஆயிடுச்சும்மா” என்று அவள் மகளிடம் சொல்ல, அங்கே மகள் சிரித்தாள். உள்ளே போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. திரை இன்னும் கொஞ்சம் மங்கியது. பூதக்கண்ணாடி முட்டாளாக இருக்கட்டும், சுவர் தடிப்பாக இருக்கட்டும், அந்தச் சிரிப்பு மட்டும் அறாமல் இருக்கட்டும்... திரை அணைந்தது.