வீட்டோடு வந்த மாப்பிள்ளையின் ராஜினாமா

1
இந்தக் கதை என்னுடையது அல்ல. கல்முனை பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில், பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். முடிவுக்குச் சற்று முன் பஸ் வந்துவிட்டது. ஆகவே குறைகளுக்கு பஸ்ஸே பொறுப்பு.

2
முதல் ஆரம்பம்: உலகளாவிய தொழில்நுட்ப ஆளணிப் பற்றாக்குறையின் பின்னணியில்—

வேண்டாம். நானே வாசிக்கமாட்டேன்.

இரண்டாவது: இன்பாஸிடம் ஆள் நிற்கவில்லை.

இது பரவாயில்லை. புடைவைக் கடை மாடியில் இருந்த அவனது கம்பனி, ஒஸ்ரேலியாக்காரர் ஒருவருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தது. கொழும்பில் சம்பளம் ஏறிவிட்டது, கல்முனை மலிவு என்றுதான் அவர் இங்கே வந்தார். கல்முனையிலும் ஏறும் என்று யாரும் நினைக்கவில்லை. பழக்கியெடுத்த பொடியன்கள் ஒவ்வொருவராகக் கூடிய சம்பளத்துக்குப் போனார்கள். மிஞ்சியவன் அட்டாளைச்சேனை ஸஜாத். அவனும் போனால் கம்பனிக்குப் பூட்டு.

3
சம்பளத்தைக் கூட்டியிருக்கலாம். (நானும் சொல்லிப் பார்த்தேன். பாத்திரங்கள் கேட்பதில்லை.) இன்பாஸின் யோசனை வேறு. நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். வந்தவர் லேசில் போகமாட்டார். தங்கச்சி றிபாவுக்கு வாப்பா கட்டிய வீடு, கம்பனிக்குப் பின் தெரு.

"அவர எனக்குப் பாக்கீங்களா, கம்பனிக்கா?" என்றாள் றிபா.

"ரெண்டுக்கும்தான்."

அவள் ஸஜாத்தோடு கதைத்துப் பார்த்துவிட்டு ஓம் என்றாள். காரணம் அவளுடையது.

4
நிக்காஹ் முடிந்த அடுத்த மாதம் ஸஜாத் வேலைக்கு வரவில்லை. இன்பாஸ் வீட்டுக்குப் போனான். மாப்பிள்ளை இடுப்பில் கட்டிய சாரத்தோடு மடிக்கணினி முன்னால் இருந்தார்.

"மச்சான், ஒபிஸுக்கு வரல்லியா?"

"ஒபிஸ்லதான் இரிக்கன்."

திரையிலிருந்து ஒஸ்ரேலியாக்காரர் கையசைத்தார்.

(இந்த இடத்தில் எனக்கே தலை சுற்றியது. அதே வேலை, அதே ஆள், இப்போது நேரடியாக. ஸஜாத்துக்குச் சம்பளம் கூடியிருக்கிறது, ஒஸ்ரேலியாக்காரருக்குச் செலவு குறைந்திருக்கிறது. அப்படியானால் நட்டம் எங்கே—)

"நடுவில நான் ஆருடா?" என்றான் இன்பாஸ்.

"நீங்க என்ட மச்சான்."

"வைபையக் கழட்டிருவன்."

றிபா அண்ணனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "காக்கா, வீடு என்ட பேர்ல. வைபையும் என்ட பேர்லதான். ஆறப்போகுது, குடிங்க."

5
முடிவு அ: இன்பாஸ் சாவியைப் புடைவைக் கடைக்காரரிடம் கொடுக்கிறான். (போட்டிக்கு அனுப்ப ஏற்றது.)

முடிவு ஆ: ஸஜாத்தும் விலை கூடிவிட்டான் என்று ஒஸ்ரேலியாக்காரர் வேறு நாட்டுக்கு— இல்லை. றிபா பாவம்.

நான் கேட்டது இவ்வளவுதான். ஸஜாத் திரையை மூடிவிட்டுச் சொன்னானாம்: "வேல கூடிப்போச்சு மச்சான், ஆள் காணா. நீங்க எனக்கிட்ட வாறீங்களா?"

"அதுக்கு நான் சொன்னன்..." என்றபடியே பக்கத்து மேசைக்காரர் பஸ் படியில் கால் வைத்தார்.

‘நான்’ என்றார். அப்போதுதான் அவர் யாரென்று எனக்கு விளங்கியது.

பஸ் பலகையில் அக்கரைப்பற்று என்றிருந்தது. அது அட்டாளைச்சேனையைத் தாண்டித்தான் போகும். அங்கே ஸஜாத்துக்குக் கம்பியூட்டர் படித்த தம்பி ஒருவன் இருப்பதாகப் பேச்சின் நடுவே காதில் விழுந்தது. இன்பாஸுக்கு இன்னொரு தங்கச்சி இருப்பதாகவும் விழுந்தது.

இதற்கு மேல் எழுதமாட்டேன். முடிவு வேண்டுமென்றால், அந்தத் தங்கச்சியிடம் நீங்களே போய்க் கேளுங்கள்.