றாஹிலா பேரில் ஒரு விளக்கு

கதிர்காமத்தம்பி குனிந்து பயிரை விலக்கிக் காட்டினார். தண்டடியில் சாறு குடிக்கிற அறக்கொட்டிப் பூச்சி தவிடு கொட்டினாற்போல அப்பிக் கிடந்தது. முனாப் நிமிர்ந்து பார்த்தார். சவளக்கடை வயல்வட்டையின் நடுவே, அவர் நாட்டிய சோலார் விளக்குக் கம்பத்தைச் சுற்றி வெள்ளாமை வட்டமாகக் கருகியிருந்தது. போன கிழமை ஒரு பாய் விரிக்கிற அளவுதான் இருந்தது. இன்று வரம்பு தாண்டி அடுத்த வயலுக்கும் போய்விட்டது.

"உங்களக் குறை சொல்லல்ல முனாப் காக்கா. பொழுது பட்டா எங்கெங்க கிடந்த பூச்சியும் இந்த வெளிச்சத்துக்குத்தான் வருகுது. வந்தது திரும்பிப் போகுதில்ல. தவளச் சத்தமும் இல்லாமப் போயிற்று. இன்னும் ரெண்டு கிழமை இப்பிடியே எரிஞ்சா எனக்கு வைக்கோலும் மிஞ்சாது."

முனாப், மனைவி றாஹிலா மவுத்தாகி நாற்பதாம் நாள் கழிந்த கையோடு, ஒற்றைக் காலில் நின்று நாட்டிய விளக்கு அது. யானைக்குப் பயந்து இருட்டில் தடவித் தடவிப் போகிற சனம் இனி வெளிச்சத்தில் நடக்கும், அந்த நன்மை அவளுடைய கபுறுக்கு நிற்காமல் போய்ச் சேரும் என்று நம்பினார். முப்பத்தொரு வருசம் கூட வாழ்ந்தவளுக்கு இதையாவது செய்தோமே என்று ஓர் ஆறுதல். கம்பத்தில் அவள் பெயரை நீலப் பெயின்றில் எழுதி முடிக்கும்வரை மனுசன் வெயிலில் பக்கத்திலேயே நின்றார். நன்மை நிற்காமல் போகுமென்றால் தீமையும் அப்படித்தானே போகும்? மண்ணுக்குள் கிடக்கிற அப்பாவி மேல் ஒரு வட்டையின் சாபத்தை ஏற்றிவிட்டேனோ? பள்ளியில் மௌலவியிடம் கேட்கலாம். கேட்டு, அவர் ஓம் என்று சொல்லிவிட்டால்?

"கழட்டிருவம் தம்பி," என்றார் கடைசியில். "நாளைக்கெண்டு வைக்கப்படா. இண்டைக்கே."

ஏணி தேடி எடுத்துவருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கம்பத்தடியில் ஒரு லொறி நின்றது. கல்முனையில் புடவைக்கடை வைத்திருக்கும் அப்துல் கபூர் ஹாஜியார் இறங்கிவந்து, முனாபின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"காக்கா, ஒங்களப் பாத்துத்தான் எனக்கும் இந்த நிய்யத்து வந்த. உம்மா, வாப்பா, மவுத்தான எங்கட சின்ன மகள், எல்லார்ர பேரிலயும் பன்னிரண்டு கம்பம். இங்கரிந்து குளக்கட்டு மட்டும். இனி இந்த வட்டையில இருட்டே இல்ல."

லொறிக்குள் கம்பங்கள் அடக்கத்துக்குக் காத்திருக்கும் மையித்துகளைப்போல வரிசையாகக் கிடந்தன. முன்னால் கிடந்ததில் 'ஸுஹைறா, வயது ஆறு' என்று எழுதியிருந்தது. பெயின்ற் இன்னும் காயவில்லை.

வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் றாஹிலாவின் விளக்குப் பிழை என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் குளக்கட்டு வரைக்கும் கருகும். கதிர்காமத்தம்பி ஏணியைப் பிடித்தபடி முனாபின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹாஜியார்..." என்று தொடங்கினார் முனாப்.

தூரத்துப் பள்ளியில் மஃரிப் பாங்கு கேட்டது. தலைக்கு மேல் விளக்கு தானாகப் பற்றிக்கொண்டது. ஹாஜியார் அண்ணாந்து அதைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய வெள்ளைச் சட்டையில் பூச்சி ஒன்று வந்து ஒட்டியது. பார்க்காமலே தட்டிவிட்டார். இன்னொன்று வந்தது. பிறகு தோள், கழுத்து, தாடி என்று வந்துகொண்டே இருந்தன.