பன்னிரண்டரை மணிக்குப் பெருக்கிய வீடு

என் வீட்டுக்காரர் தேவராஜ், துபாய்க்கு வெல்டர் வேலைக்குப் போகிறேன் என்றபோது முடியவே முடியாது என்றுதான் நின்றேன். டிக்கெட்டைக் காட்டித்தான் மனுஷன் என்னை மடக்கினார். மீனம்பாக்கத்தில் காலை பத்து மணிக்கு ஏறினால் பன்னிரண்டரைக்குத் துபாய் என்று அதில் போட்டிருந்தது.

"ரெண்டரை மணி நேரம்தாம்மே. நம்ம மேனாம்பேட்லேர்ந்து பஸ்ஸு மாறி மாறி மீனம்பாக்கம் போவறதுக்கே அவ்ளோ நேரம் ஆவுது. நீ ஒரு கொரல் குடுத்தா ஓடியாந்துர மாட்டேன்?"

"ஓடியாருவே, ஓடியாருவே! ஏரோப்ளேன் இன்னா நம்ம தெரு ரிக்‌ஷாவா?" என்றேன். ஆனாலும் அந்த ரெண்டரை மணி நேரம் எனக்குப் பிடித்துப்போனது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அவர் கிளம்பியதும் மாமியார் கெங்கம்மாள் துடைப்பத்தை எடுத்து ஒளித்து வைத்தாள். "புள்ள போய்ச் சேர்ற வரைக்கும் ஊட்டைப் பெருக்காதே." ஆள் போன கையோடு பெருக்கினால் ஆளையே கூட்டித் தள்ளிய மாதிரி என்பார்கள் எங்கள் பக்கத்தில். நானும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பன்னிரண்டரைக்கு, "இறங்கிட்டாரு அத்தே" என்று சொல்லி, வீடு வாசல் எல்லாம் பெருக்கிக் குப்பையைத் தெருக்கோடியில் கொட்டினேன்.

அதோடு சரி. நாற்பது நாளாகியும் கடுதாசி இல்லை.

நான் வேலை பார்க்கும் மண்ணூர்பேட்டை தையல் கம்பெனியில் பால்ராஜ் என்று ஒருவர், துபாயில் இருந்துவிட்டு வந்தவர். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் புலம்பினேன். "ரெண்டரை மணி நேரத்துல போற ஊருதானே அண்ணே, ஒரு கடுதாசி வரக்கூடாதா?"

"யாரு சொன்னது ரெண்டரைன்னு? முழுசா நாலு மணி நேரம் தங்கச்சி. ஆயிரத்து எண்ணூறு மைலு. டிக்கெட்டுல போடறது அந்த ஊரு மணி. அங்க பன்னெண்டரைன்னா நம்ம ஊர்ல ரெண்டு."

சோற்று டப்பாவை மூடிவைத்தேன். நான் பெருக்கும்போது அவர் கடலுக்கு மேலே இருந்திருக்கிறார்!

அன்றிலிருந்து எனக்கு அவர் இறங்கவே இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் எந்த ஊர் மணியிலும் சேராமல் வானத்தில் தனியாகக் கிடந்தது. அதற்குள் அவர் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். மிஷினில் என் கை ஓடும், கண்ணுக்குள் மேகம் ஓடும். வெள்ளை வெளேரென்று, இலவம்பஞ்சைக் கொட்டிவைத்த மாதிரி. கீழே கடல் சத்தமே போடாது. "இறங்குய்யா" என்பேன். "எங்கம்மே இறங்கறது?" என்று சிரிப்பார். பக்கத்து மிஷின்காரி தோளை உலுக்குவாள். பாவி, நானே அவரைப் பெருக்கித் தள்ளிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

நாற்பத்தேழாம் நாள் கடுதாசி வந்தது. நன்றாகத்தான் இருந்தார். பாலைவனத்துக்குள் கேம்ப்பாம், தபால் போடவே லாரி பிடித்துப் போக வேண்டுமாம். திட்டிக்கொண்டே அழுதேன். கடைசியில் எழுதியிருந்தார்:

"பாதி வழி தாண்டினதும் பயம் வந்துடுச்சு சாமுண்டி. கீழ ஒரே தண்ணி. வாட்ச்சைப் பார்த்தேன், நம்ம ஊரு மணி பன்னெண்டரை. நீ இன்னும் ஊட்டைப் பெருக்காம எனக்காகக் காத்துகினு இருப்பியேன்னு நெனச்சேன். அப்புறம் பயமே இல்ல. தூங்கிட்டேன்."

"இன்னாடி எழுதிகீறான்?" என்றாள் மாமியார்.

"நல்லா கீறாராம்" என்றேன்.

பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். பெருக்கிவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. காத்திருந்தேன் என்று பொய் எழுதவும் மனசு வரவில்லை. நாலாவது தாளில் ஒரே ஒரு வரி எழுதி ஒட்டினேன்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்யா. கடுதாசில எழுத மாட்டேன், நேர்ல வந்து கேட்டுக்கோ."